எந்த ஆண்டுக்குத் திருப்புவது? தொமியோக்கா பட்டு நூற்பாலையும் தொழிற்கட்டடப் பாதுகாப்பும்

பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, அதனை எந்தக் காலத்துத் தோற்றத்திற்குக் கொண்டுவருவது என்பதாகும். அரண்மனைக்கும் வழிபாட்டிடத்திற்கும் இக்கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. கட்டியவரின் எண்ணம் முழுமை பெற்ற காலம் என்று ஒன்றை அங்கே சுட்டிக்காட்ட இயலும். தொழிற்சாலைக்கு அது பொருந்துவதில்லை. புதிய இயந்திரம் வந்தால் தளம் மாறும், நீராவி போய் மின்சாரம் வந்தால் பழைய கொதிகலன் பெயர்த்தெடுக்கப்படும், சந்தை விரிந்தால் பக்கத்தில் ஒரு கொட்டகை முளைக்கும். மாறாமல் நின்றுவிட்ட ஆலை, தொழில் நின்றுபோன ஆலையே. ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள தொமியோக்கா பட்டு நூற்பாலை 1872இல் தொடங்கி 1987 வரை 115 ஆண்டுகள் அதே கட்டடங்களில் அதே தொழிலைச் செய்தது. அதன் மேற்குப் பட்டுக்கூட்டுக் கிடங்கு நெடிய சீரமைப்புக்குப் பின் 2020இல் திறக்கப்பட்டபோது, அதற்கென வரித்துக்கொள்ளப்பட்ட காலம் ஆலை பிறந்த 1872 அன்று. உற்பத்தி உச்சத்தில் இருந்த 1974ஐ ஒட்டிய காலம். தேசியச் செல்வம் என்ற உயர்நிலைத் தகுதி பெற்ற கட்டடத்துக்கு இப்படியொரு தேர்வு செய்யப்பட்டது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அக்கட்டடங்கள் எழுந்த விதத்திலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

1859இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் கச்சாப் பட்டு ஜப்பானின் முதன்மை ஏற்றுமதிப் பொருளாயிற்று. தேவை பெருகவே கையால் நூற்ற மட்டரக நூலும் கலந்து கப்பலேறியது, பெயர் கெட்டது. 1868இல் ஆட்சியேற்ற மெய்ஜி அரசு, ஐரோப்பிய முறையில் இயங்கும் முன்மாதிரி ஆலை ஒன்றை அரசுச் செலவிலேயே நிறுவ முடிவுசெய்தது. யோகோஹாமாவில் ஒரு வணிக நிறுவனத்தில் பட்டின் தரம் பார்க்கும் பணியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பால் புருனா அதற்குப் பொறுப்பேற்றார். பட்டுப்புழு வளர்ப்பில் ஊறிய வட்டாரம், போதிய நிலம், நூற்புக்கு வேண்டிய தண்ணீர், கொதிகலனுக்கு அருகிலேயே நிலக்கரி ஆகியவற்றோடு, அயல்நாட்டார் கட்டும் ஆலைக்கு ஊராரின் இசைவும் சேர்ந்து அமைந்ததால் தொமியோக்கா தெரிவாயிற்று. யோகோசுகா கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய எட்மோன் ஓகுஸ்த் பாஸ்தியான் 1870ஆம் ஆண்டின் இறுதியில் வரைபடங்களை முடித்துக்கொடுத்தார். 1871இல் தொடங்கிய கட்டுமானம் அடுத்த ஆண்டே நிறைவுற்றது.

வரைபடம் பிரெஞ்சுக்காரருடையது என்றாலும் கட்டிய கை ஜப்பானியருடையது. இக்கலப்புதான் பின்னாளில் பாதுகாப்புப் பணியின் எல்லாச் சிக்கல்களுக்கும் ஊற்றாக அமைந்தது. அக்காலத்து ஐரோப்பிய ஆலைகளில் செங்கற்சுவர் கூரையின் பாரத்தைத் தானே தாங்கி நின்றது. தொமியோக்காவில் பாரம் தாங்குபவை ஏறத்தாழ 30 செ.மீ. சதுரமுள்ள மரத்தூண்கள், கல் அடிமானத்தின்மேல் அவற்றை நிறுத்தி, உத்தரங்களால் பிணைத்து, தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட வெளியில் செங்கல்லை நிரப்பினார்கள். ‘மர எலும்புச் செங்கற்கட்டு’ என்று பொருள்படும் பெயரால் ஜப்பானியர் இதனைக் குறிப்பிடுகின்றனர். எலும்பு மரம், சதை செங்கல் என்னும் இந்த அமைப்பு, பெரிய செங்கற்கட்டடத்தையே கட்டிப் பழகாத தச்சர்களுக்குத் தெரிந்த தொழிலை அப்படியே பயன்படுத்திக்கொள்ள வழிவிட்டது. பெரிய மரங்கள் மியோகி மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டன.

செங்கல்லின் கதை இன்னும் சுவையானது. அவ்வட்டாரத்தில் செங்கல் சுடுவோரே இல்லை. எனவே கட்டுமானத்தை மேற்பார்த்த ஒதாக்கா அட்சுதாதா, தம் சொந்த வட்டாரமான ஃபுகாயாவைச் சேர்ந்த நிராட்சுகா நாவோஜிரோ தலைமையில் கூரை ஓடு சுடும் கைவினைஞர்களை வரவழைத்து, ஆலைக்கு அருகிலேயே சூளை போடச் செய்தார். ஓடு சுட்டுப் பழகிய கை செங்கல் சுட்டபோது நிறம் ஒன்றுபோல் அமையவில்லை. இன்றும் அச்சுவரை நெருங்கிப் பார்ப்பவர்க்கு ஒரு கல் கருஞ்சிவப்பாகவும் அடுத்த கல் வெளிறிய ஆரஞ்சாகவும் தெரியும். சில கற்களில் சுட்டவரின் முத்திரையும் பதிந்திருக்கும். கல்லின் நீளப்பக்கமும் குறும்பக்கமும் ஒரே வரிசையில் மாறிமாறி வரும்படி அடுக்கப்பட்டிருக்கும் இம்முறை உலகின் பிற பகுதிகளில் பிளெமிஷ் கட்டு எனப்படுகிறது. ஜப்பானில் மட்டும் அதற்குப் பிரெஞ்சுக் கட்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது. கற்களை இணைத்தது சிமெண்ட் அன்று, உள்ளூர்ச் சுண்ணாம்பைக் கொண்டு குழைத்த சாந்து. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரைக்குப் பழகிய தமிழ்க் கொத்தனாருக்கு, கடற்பாசிப் பசையும் நாரும் சேர்த்துச் சுண்ணாம்பைப் பக்குவப்படுத்தும் ஜப்பானியச் சுதைமரபு அந்நியமாகத் தோன்றாது.

கட்டடங்களின் வடிவைத் தீர்மானித்தவை புழுவும் கூடும் நீராவியுமே. அந்நாளில் பட்டுக்கூடு பெரும்பாலும் வசந்த காலத்தில் ஒருமுறைதான் கிடைத்தது. கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகித் துளைத்து வெளியேறினால் பல நூறு மீட்டர் ஓடும் இழை அறுந்து பாழாகும். ஆகவே கூட்டைச் சூட்டில் உலர்த்தி, ஆண்டு முழுவதற்கும் போதுமான அளவு சேமித்து வைக்கவேண்டும். அதற்காகவே 104 மீட்டர் நீளமுள்ள இரண்டடுக்குக் கிடங்குகள் கிழக்கிலும் மேற்கிலும் எழுந்தன. மேல்தளத்தில் கூடு; பூஞ்சணம் பிடிக்காமல் காற்றோட வரிசையாகச் சன்னல்கள். மேற்குக் கிடங்கின் கீழ்த்தளம் தொடக்கத்தில் நிலக்கரி வைக்கப் பயன்பட்டது. இரு கிடங்குகளுக்கும் தெற்கே 140 மீட்டர் நீளத்தில் நூற்புக்கூடம் நின்றது. அங்கே 300 வெந்நீர்த் தொட்டிகள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றின்முன்னும் ஒரு பெண் அமர்ந்து, வெந்த கூடுகளிலிருந்து இழைகளைப் பிரித்துச் சேர்த்துக் கதிரில் ஏற்றினாள். ஒரே கூரையின்கீழ் அத்தனை தொட்டிகள் கொண்ட பட்டாலை அக்காலத்தில் உலகில் அரிது. மின்விளக்கு இல்லாத காலத்தில் தலைமுடியினும் மெல்லிய இழையைக் கண்டுபிடிக்கப் பகலொளி வேண்டியிருந்ததால் பிரான்சிலிருந்து வந்த கண்ணாடி பதித்த பெரிய சன்னல்களும், வெந்நீரின் ஆவி வெளியேறக் கூரைமுகட்டின்மேல் இன்னொரு சிறு கூரையும் அமைந்தன. நடுவில் தூண்களே இல்லாமல் கூரையை ஏந்த, முக்கோண வடிவில் மரங்களைப் பிணைத்த டிரஸ் சட்டங்கள் ஏற்றப்பட்டன.

தூணற்ற இந்த வெளிதான் ஆலையின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். பிரெஞ்சு இயந்திரங்கள் போயின. தொட்டி முறைகள் பலமுறை மாறின. 1960களில் நிசான் நிறுவனத்தின் தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வந்து, 1987 வரை அங்கேயே ஓடின. இயந்திரம் வளர்ந்தபோதெல்லாம் கூடம் அதற்கு இடங்கொடுத்தது. இடிக்கவேண்டிய தேவை எழவில்லை. கிடங்குகளின் நிலைமை வேறு. குளிர்காற்று வீசும் மலைப்பிளவுகளில் முட்டைகளைக் காத்து, ஆண்டுக்குப் பலமுறை புழு வளர்க்கும் முறை பரவியதும் (அராஃபுனே குளிர்சேமிப்பிடம் அதற்குப் பேர்பெற்றது) ஓராண்டுக் கூட்டைச் சேர்த்துவைக்கும் கட்டாயம் குறைந்தது. கிடங்கின் கீழ்த்தளங்கள் வேறு வேலைகளுக்குத் திரும்பின. தடுப்புகள் எழுந்தன, பூச்சுகள் மாறின, மின்கம்பிகள் ஓடின. உடைமையும் கைமாறியது: 1893இல் அரசு ஆலையை மிட்சுயி குழுமத்துக்கு விற்றது, 1902இல் ஹாரா நிறுவனம் வாங்கியது, 1939இல் நாட்டின் பெரும் பட்டு நிறுவனமான கதக்குராவோடு அது இணைந்தது. 1974இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. மலிவான இறக்குமதிப் பட்டும் செயற்கை இழையும் கிமோனோ அணிவோர் குறைந்ததும் சேர்ந்து 1987இல் இயந்திரங்களை நிறுத்தின.

தொழிற்கட்டடங்கள் பெரும்பாலும் அழிவது இந்தக் கட்டத்தில்தான். ஓடாத ஆலை வரி கேட்கும், காவல் கேட்கும், ஓடு மாற்றச் சொல்லும், வருவாய் தராது. நிலத்தின் விலையோ கட்டடத்தின் மதிப்பைவிட உயர்ந்து நிற்கும். பாதுகாப்பு வரலாற்றை எழுதுவோர் சீரமைப்புக் கலைஞரையும் அரசாணையையும் பற்றி விரித்துரைக்கிறார்கள். மூடிய நாளுக்கும் ஆணை பிறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். தொமியோக்காவில் அக்காலம் 18 ஆண்டுகள். கதக்குரா நிறுவனம் ‘விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை’ என்ற கொள்கையை வகுத்துக்கொண்டு, ஆளில்லாத வளாகத்துக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிட்டுப் பராமரித்துவந்தது. வரியும் பழுதும் சேர்ந்து பத்துக் கோடி யென் அளவை எட்டிய ஆண்டும் உண்டு என்பர். ஒழுகும் கூரையோட்டை உடனே மாற்றுவதும் வடிகாலில் அடைத்த சருகை அள்ளுவதும் சிறப்பான செயல்களாக எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் மரமும் செங்கல்லும் கலந்த கட்டடத்துக்கு அதைவிடப் பெரிய சீரமைப்பு கிடையாது. செங்கல் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். அதனோடு ஒட்டி நிற்கும் தூண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளேயே உளுத்துப்போகும். சுவர் வெளியே நேராக நிற்கும்போதே எலும்பு கரைந்திருக்கக்கூடும்.

பழைய சுவரில் சிமெண்டைத் தவிர்க்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் இங்கேதான் பொருளுடையதாகிறது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவர் அசைந்தால் விரிசல் சாந்தில் விழும், கல் தப்பும். ஈரமும் மூட்டின் வழியாகவே வெளியேறும். அதே மூட்டில் சிமெண்டை அடைத்தால், கல்லைவிடக் கடினமான அது ஈரத்தை மறித்துக் கல்லின் முகத்தையே உரித்துவிடும். விரைவாகவும் மலிவாகவும் முடியும் பழுதுபார்ப்பு, சில பத்தாண்டுகள் கழித்துச் சுவரிலேயே கூலியை வாங்கிக்கொள்கிறது. சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்கவேண்டும் என்ற விதி அழகுணர்ச்சியால் எழுந்ததன்று. பொருள்களின் இயல்பறிந்து எழுந்தது.

2005இல் கட்டடங்களை கதக்குரா நிறுவனம் தொமியோக்கா நகராட்சிக்குக் கொடையாக அளித்தது. தேசிய வரலாற்றுத் தலம் என்ற அறிவிப்பும் அதே ஆண்டில் வந்தது. 2014 ஜூன் மாதத்தில், புழு வளர்ப்போடு தொடர்புடைய வேறு மூன்று இடங்களுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஆண்டிறுதியில் நூற்புக்கூடமும் இரு கிடங்குகளும் தேசியச் செல்வமாயின. பெருமை வந்துசேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, பிப்ரவரியில் கொட்டிய கடும் பனியின் பாரம் தாங்காமல் கூடு உலர்த்தும் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. புகழ்பெற்ற மூன்று கட்டடங்கள் பாராட்டைப் பெற்ற வேளையில் புகழற்ற துணைக்கட்டடம் வீழ்ந்த இந்நிகழ்ச்சி, ஆலை என்பது பல கட்டடங்கள் சேர்ந்த ஒரு தொடர் என்பதை உணர்த்தியது. உலர்த்துமிடம் இல்லையென்றால் கிடங்குக்குப் பொருளில்லை. கிடங்கு இல்லையென்றால் கூடத்துக்குப் பொருளில்லை. 1875ஐ ஒட்டி யோகோஹாமா இரும்பாலையில் கப்பல் கட்டுவது போலவே தகடுகளை ஆணியடித்து இணைத்துச் செய்த இரும்பு நீர்த்தொட்டி, செங்கல் பாவிய நிலத்தடி வடிகால், தொழிலாளர் விடுதிகள் ஆகியவையும் அதே தொடரின் கண்ணிகளே.

மேற்குக் கிடங்கின் சீரமைப்பு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடந்தது. செலவு சுமார் 350 கோடி யென். கட்டடம் முழுவதையும் மூடும் தற்காலிகக் கூரை ஒன்றை எழுப்பி, அதன் நிழலில் ஓடுகளைக் கழற்றிக் கூரையைப் பார்த்தார்கள். அவ்வேலையைப் பொதுமக்கள் ஏறிநின்று காணவும் வழிசெய்தார்கள். ஜப்பானிய மரபில் பழைய கோயிலைச் சீரமைப்பதென்றால் மூட்டுமூட்டாகக் கழற்றி, பழுதான துண்டை மட்டும் மாற்றி, மீண்டும் கோப்பார்கள். மரத்துக்கு அது இயலும். சாந்தில் பிணைந்த செங்கல்லைக் கழற்றினால் திரும்பக் கிடைப்பது சுவர் அன்று, கற்குவியல். ஆகவே தச்சரின் மரபும் கொத்தனாரின் மரபும் ஒரே சுவரில் எதிரெதிராக நின்றன. எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று இடத்துக்கு இடம் முடிவெடுக்கவேண்டியிருந்தது.

காலத் தேர்வுக்கு இப்போது வரலாம். 1872க்குத் திருப்புவதென்றால், ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த தடுப்புகளையும் பூச்சுகளையும் அகற்றி, சான்று குறைந்த இடங்களில் ஊகித்துக் கட்டவேண்டும். எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்கவேண்டும் என்று 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஏற்கெனவே கூறியிருந்தது. மெய்ம்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே எடைபோட வேண்டும் என்ற கருத்தை 1994இல் ஜப்பானிலேயே உருவான நாரா ஆவணம் வலியுறுத்தியது. எனினும் சாசனங்கள் திசையைக் காட்டுமே தவிர ஆண்டைச் சொல்வதில்லை. 1974ஐத் தேர்ந்தவர்கள், ஆலையின் சிறப்பு அது தொடங்கிய நாளில் மட்டும் இல்லை, இடைவிடாமல் உழைத்ததில் இருக்கிறது என்ற வாதத்தை ஏற்றார்கள். துணிவான தேர்வு இது. ஏனெனில் பார்வையாளர் எதிர்பார்ப்பது மெய்ஜி காலத்தின் பொலிவு, அவர் காண்பதோ 20ஆம் நூற்றாண்டுத் தொழிற்கூடத்தின் தேய்மானம். ஆயினும் 1974 என்பதும் ஒரு தேர்வுதான், இயல்பாகக் கிடைத்த நிலை அன்று. மூடிய நாளான 1987ஐ ஏன் கொள்ளவில்லை என்று கேட்க இடமுண்டு. உச்சத்தைத் தேர்வது வெற்றியை மட்டும் காட்சிக்கு வைக்கும் ஆசையாகவும் படலாம். இக்குறை இருந்தபோதிலும், சான்றுள்ள காலத்தைப் பிடித்துக்கொண்டு ஊகத்தைத் தவிர்த்த வகையில் அத்தேர்வு 1872ஐவிட நேர்மையானது.

அடுத்த சிக்கல் நிலநடுக்கம். மரச்சட்டம் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். இடையில் நிரம்பிய கனமான செங்கல் வளையாது, சட்டத்திலிருந்து பெயர்ந்து வெளியே சாயும். பொதுமக்களை உள்ளே விடுவதென்றால் வலுவூட்டாமல் இயலாது. கண்ணுக்குத் தெரியும்படி இரும்பைப் பூட்டினால் கட்டடத்தின் முகம் கெடும். இதற்குக் கண்ட தீர்வு ‘வீட்டுக்குள் வீடு’ எனப்படுகிறது. கீழ்த்தளத்துக்குள் எஃகுச் சட்டத்தால் ஒரு பெட்டி எழுப்பி, அதற்குக் கண்ணாடியால் சுவரும் கூரையும் அமைத்தார்கள்; அந்த எஃகுச் சட்டமே பழைய கட்டடத்துக்கு நிலநடுக்கத் தாங்கலாகவும் நிற்கிறது. காட்சியகமும் கூட்ட அரங்கும் பெட்டிக்குள் அடங்கிவிட்டதால், குளிர்சாதனத்துக்கோ விளக்குக்கோ பழைய சுவரில் துளையிட வேண்டியதில்லை. உள்ளே நிற்பவர் கண்ணாடிக்கு அப்பால் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களையும் கறைகளையும் மரத்தின் வெடிப்புகளையும் பூசிமறைக்காத நிலையிலேயே காண்கிறார். புதியது எது பழையது எது என்பதில் ஐயமே எழுவதில்லை. பிற்காலத்தில் இதனினும் நல்ல வழி கிடைத்தால் பெட்டியை எடுத்துவிடவும் இயலும். கண்ணாடியின் பளபளப்பு பழைய சுவரோடு சற்று முரண்படுகிறது என்போர் கூற்றையும் மறுப்பதற்கில்லை.

இத்தீர்வை நூற்புக்கூடத்துக்கு அப்படியே எடுத்துச்செல்ல இயலாது. அங்கே தளம் முழுவதும் தானியங்கி இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை அகற்றிவிட்டு 300 தொட்டிகளின் நகலை வரிசையாக வைத்திருந்தால் பயணிகள் மகிழ்ந்திருக்கக்கூடும். அவ்வாறு செய்யாதது இவ்வளாகத்தின் பாதுகாப்பில் மெச்சத்தக்க முடிவுகளுள் ஒன்று. முதற்காலத்துப் பிரெஞ்சு நூற்பு இயந்திரத்தைக் காண விரும்புவோர் நகானோ மாகாணத்தின் ஒகாயா பட்டு அருங்காட்சியகத்துக்குச் செல்லவேண்டும். புருனா வரவழைத்த நீராவி எந்திரம் இனுயாமாவில் உள்ள மெய்ஜி கிராம அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உறுப்புகள் இப்படிச் சிதறிக் கிடக்க, உடல் மட்டும் தன் இடத்தில் நிற்பது தொழில் மரபுக்கே உரிய அவலம். பொருள்களையும்விட எளிதில் மறைவது கைத்திறன். மட்சுஷிரோவிலிருந்து வந்து 1873இல் அங்கே நூற்ற வாடா எய் என்ற பெண், பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் இல்லாதிருந்தால், அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தோர் எப்படிக் கற்றார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதில் போட்டியிட்டார்கள் என்பதைச் செங்கல்லும் மரமும் சொல்லியிருக்கப்போவதில்லை. பணிக்குப் போனால் அயல்நாட்டார் இரத்தத்தைக் குடிப்பார்கள் என்ற வதந்தியால் பெண்களை அனுப்ப ஊரார் தயங்கியதும், ஒதாக்கா தம் மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்ததும் அக்காலச் செய்திகளே. வதந்திக்கு வித்திட்டது பிரெஞ்சுக்காரர் அருந்திய சிவப்புத் திராட்சை மது என்பர்.

பணத்தின் நிலையும் கவனத்துக்குரியது. உலக மரபுத் தகுதி கிட்டிய 2014ஆம் நிதியாண்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஐந்தாண்டுகளில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது, அதன்பின் பெருந்தொற்று வந்தது. நுழைவுக் கட்டணத்தைச் சீரமைப்புச் செலவுக்கு நம்பியிருக்கும் சிறிய நகராட்சிக்கு இது எளிய செய்தி அன்று. பட்டியலில் இடம்பெறுவது ஓரிரு ஆண்டுக் கூட்டத்தைத் தரும். ஓடு மாற்றும் செலவோ ஒவ்வொரு தலைமுறையும் வரும். கதக்குரா நிறுவனம் வருவாயை எதிர்பாராமல் செலவிட்ட 18 ஆண்டுகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கையில், சந்தையை மட்டும் நம்பும் பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது புலனாகும்.

கிழக்குக் கிடங்கும் நூற்புக்கூடமும் முழுச் சீரமைப்புக்குக் காத்திருக்கின்றன. வாயிலுக்கு நேரெதிரே நிற்கும் கிழக்குக் கிடங்கின் வளைவில், உச்சிக்கல்லில் ‘மெய்ஜி 5’ என்று ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது; அது 1872ஐக் குறிக்கும். முற்றத்தின் அப்பக்கத்தில் மேற்குக் கிடங்கு 1974இல் நிற்கிறது. இரண்டுக்கும் தெற்கே உள்ள நூற்புக்கூடத்தில், 1987இல் நின்ற இயந்திரங்கள் உறை போர்த்தியபடி அதே வரிசையில் இருக்கின்றன.